எட்டு பாயிண்ட்

கணபதியில் மூடிய பட்டறையிலிருந்து
தலையைக் கவிழ்த்து, கயிறு கட்டி,
தார்ப்பாய்க்குள் ஏறி வந்தது.
கல்லாற்றில் ஒரு டீ, பர்லியாறில் ஒரு டீ,
அடுத்த வளைவில் ஆனை நிற்குது என்று
முக்கால் மணி நேரம்.
ஆல்துரை கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்:
"அக்கா, பின்னாடி யாரோ
உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு."

ஒரு டன்.
என் பி.எஃப். பணத்தில் பாதி.

ரோடு மேலே, வீடு கீழே.
கேத்தியில் யாருக்குத்தான் ரோட்டோடு வீடு.
கற்பூர மரத்துக்குச் சாக்கு சுற்றிச் செயின் பிளாக் மாட்டி
மூன்று ஜி.ஐ. பைப்பின் மேல் உருட்டி
அரை அடி, அரை அடி.
லாரன்ஸ் பின் பைப்பை எடுத்து முன்னே போட
போட்டதை அது மிதிக்க
மறுபடி பின் பைப்.
மூட்டை தூக்கிப் போன பெண்கள் நின்றார்கள்.
"என்ன சாமான்?"
"இரும்பைச் சீவுறது."
"சீவி?"
நான் யோசிப்பதற்குள்
தலைச்சுமை கனத்து நடந்துவிட்டார்கள்.

கேரட் ஷெட்டில் டீசலும் பழந்துணியுமாய் மூன்று நாள்.
பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே இன்னொரு பச்சை.
மேஜையில் பதினோரு துளைக்காயம்.
ஒன்றை மட்டும் பித்தளை ஊற்றி அடைத்திருக்கிறான்
யாரோ, வெட்கப்பட்டு.
மின்பெட்டிக் கதவின் உட்புறம் பென்சிலில்:
சனி ஓ.டி. 4. ஞாயிறு ஓ.டி. 8. தரலை.
அந்தக் கதவை மட்டும் நான் துடைக்கவில்லை.

கைப்பிடியைத் திருப்பினால்
கால் சுற்று சும்மா சுற்றுகிறது,
அப்புறம்தான் மேஜைக்குக் காது கேட்கிறது.
பழகிக்கொள்ளலாம்.
எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான்.
நான்காம் நாள் வந்து எட்டிப் பார்த்தவர் சொன்னது
இரண்டே வார்த்தை: "கரண்ட் பில்."

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு
அபூபக்கர் டிரைவ் பெட்டி மாட்டி சுவிட்சைப் போட
சுற்றியது, எதிர்ப்பக்கமாக.
இரண்டு வயரை இடம் மாற்றினார். சரியானது.

மலையில் மட்டம் என்பது
ஆள் செய்து வைத்தால்தான் உண்டு.
நாலு மூலைக்கும் தகடு செருகி
ரசமட்டக் குமிழி நடுவில் நிற்க ஓர் இரவு.

பிறகு தலை.
இருபத்திரண்டு வருஷம் ஊசி ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன்,
நாளுக்கு ஆறாயிரம் ஊசிக்காது பார்த்தவள்.
இப்போது ஒரே ஒரு ஊசி,
அதுவும் காதில்லாதது, டயலுக்குள்.
இடமிருந்து வலம் சுற்றி வந்தால் எட்டு பாயிண்ட் சாய்வு.
ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு: ஆறு.
இன்னொன்று: அந்தப் பக்கம் இரண்டு.
போல்ட்டை இறுக்கினால்
இறுக்கத்திலேயே மூன்று நகர்கிறது.
ராத்திரி பதினொன்றே காலுக்குப் பூஜ்யம்.
இந்தப் பக்கமும் பூஜ்யம்.
யாரையும் எழுப்பவில்லை.

காலையில் புல்லெல்லாம் உறைபனி.
டயலில் மூன்று.
"இரும்புக்கும் குளிரும்ல" என்றான் லாரன்ஸ்.
தகரத்தில் வெயில் ஏற ஏற ஒன்றுக்கு இறங்கியது.
கதவைத் திறந்து, "தரலை"க்குக் கீழே எழுதினேன்:
அரை மணி சும்மா ஓடட்டும். சூடானபின் தொடு.

முதல் வேலை ஆல்துரையின் மச்சானுடையது.
கேரட் கழுவும் மெஷின் ஷாஃப்ட், கீ-வே தேய்ந்து
டிரம் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம்.
"விடியக்காலம் மேட்டுப்பாளையம் லோடு, அக்கா."
ஆறு எம்.எம். கட்டரில் வெட்டி எட்டுக்கு விரிக்கையில்
வெட்டும் திசையோடேயே ஊட்டிவிட்டேன்.
அந்தக் கால் சுற்றை வெடுக்கென்று விழுங்கி
மேஜை பாய்ந்தது.
கட்டர் இரண்டு துண்டு.
நானூற்று இருபது ரூபாய்
ஷெட்டுக்குள் டிங் என்று விழுந்தது.

வேறு கட்டர். இம்முறை எதிர்த்து ஊட்டினேன்.
பொறுமையாகச் சுருள் சுருளாய் வந்தது.
எதிர்த்தே போ. இதுவும் கதவில்.
சாவி விரலுக்கு இறங்கவில்லை,
சுத்தியலின் மரப்பிடியால் தட்டினேன், இறங்கியது.

கூலி என்று ஒரு மூட்டை கேரட்டை
வாசலில் இறக்கிவிட்டு ஷாஃப்ட்டோடு ஓடினான்.
மண்ணோடு கேரட்.
கழுவத்தான் மெஷின் ஓடவில்லையே.